ஹாருத்யுன், அருத்யுன், ஆர்த்தின், அராத்தூன்: நாலு பேரா, ஒரே பேரா?

எழில்_யெரெவான்:

எல்லாருக்கும் வணக்கம். ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. மொழி விஷயம் தெரிந்தவர்கள் இங்கே நிறைய இருப்பதால் ஒரு சந்தேகம் கேட்கிறேன்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபத்தைந்தைத் தாண்டிய தாத்தா. பெயர் ஹாருத்யுன். பாட்டி அவரை "ஹாருத் ஜான்" என்று கூப்பிடுவார். வந்த புதிதில் அவர் பெயரே ஜான் என்று நினைத்து, ஒரு மாதம் முழுக்க "மிஸ்டர் ஜான்" என்று அழைத்துக்கொண்டிருந்தேன். இங்கே "ஜான்" என்றால் நம் ஊரில் "கண்ணு", "ராசா" என்று ஒட்டிப் பேசுகிறோமே, அது மாதிரி என்று யாரோ சொன்ன பிறகுதான் புரிந்தது. அவரும் ஒரு மாதம் திருத்தவே இல்லை, ரசித்திருக்கிறார்.

சரி, சந்தேகத்துக்கு வருகிறேன். அவருடைய பழைய சோவியத் கால அட்டையில் ரஷ்ய எழுத்தில் "அருத்யுன்" என்று இருக்கிறது. பெய்ரூட்டிலிருந்து போன் பண்ணும் அவருடைய பெரியப்பா மகன் "ஆர்த்தின்" என்கிறார். வீட்டில் ஒரு பழைய பைபிள் உண்டு. அதன் முதல் பக்கத்தில் தாத்தாவின் பெயரை அவர் அப்பா எழுதிவைத்திருக்கிறார். அதில் முதல் எழுத்தே வேறு! எனக்கு இப்போது ஆர்மேனிய எழுத்து வாசிக்க வரும், தப்பாகப் படிக்கவில்லை. வாசல் பலகையில் ஓர் எழுத்து, பைபிளில் இன்னொன்று. தாத்தாவைக் கேட்டால் "ஈஸ்டர் வரட்டும், நீயே தெரிந்துகொள்வாய்" என்று சிரிக்கிறார். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. யாருக்காவது தெரியுமா?

சொல்லேர்:

தம்பி, நாலும் ஒரே பெயர்தான். தாத்தா ஈஸ்டர் என்று சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. ஆர்மேனிய மொழியில் "ஹாருத்யுன்" என்றால் உயிர்த்தெழுதல், அவ்வளவுதான். பெயருக்கென்று தனியாக உண்டான சொல் இல்லை. அகராதியில் இருக்கும் சாதாரணச் சொல்லை அப்படியே பிள்ளைக்கு வைக்கிறார்கள்.

முதல் எழுத்துச் சங்கதி: ஆர்மேனிய நெடுங்கணக்கை மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் 405இல் உருவாக்கினார், 36 எழுத்து. பிற்பாடு இரண்டு சேர்ந்தன. அதில் "ஹோ" என்று ஓர் எழுத்து உண்டு, "யி" என்று இன்னொன்று உண்டு. இந்தப் பெயர் பழைய மொழியில் யகரத்தில்தான் தொடங்கியது, "யாருத்யுன்" என்பது போல. காலப்போக்கில் சொல்லின் முதலில் வரும் அந்த யகரம் ஹகரமாக ஒலிக்கத் தொடங்கியது. ஆனால் எழுத்து மட்டும் அப்படியே நின்றது. அந்த எழுத்தின் பெயரையே இப்போது "ஹி" என்றுதான் சொல்கிறார்கள். 1922இல் சோவியத் ஆர்மேனியாவில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, ஒலிப்பது போலவே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாடுகளில் சிதறியிருந்த ஆர்மேனியர்கள் அதை ஏற்கவில்லை. பெய்ரூட்டில் இன்றும் பழைய எழுத்துதான். பைபிளில் எழுதிய அப்பா வெளியிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நம் ஊரில் "லை", "னை" திருத்தத்துக்கே எவ்வளவு சண்டை. அவர்களுக்கு ஒருவர் பெயரின் முதல் எழுத்தே மாறிவிட்டது. பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கினால் யெரெவானில் 16ஆம் எழுத்தின் கீழே இருக்கும் ஆள், பெய்ரூட்டில் 21ஆம் எழுத்துக்குப் போய்விடுவார்.

"அருத்யுன்" ரஷ்யர் கைவண்ணம். அவர்கள் மொழியில் நம் ஹகரம் கிடையாது. ஹாகோப் அங்கே அகோப் ஆவார், ஹோவ்ஹன்னேஸ் ஒவனேஸ் ஆவார். "ஆர்த்தின்" பேச்சில் தேய்ந்த வடிவம், ஒட்டோமான் நாட்டு ஆர்மேனியரிடம் சர்வசாதாரணம்.

தென்னவன்_77:

சொல்லேர் ஐயா மன்னிக்கணும். ஹாருத்யுன், அருத்யுன் என்று கேட்டதுமே எனக்கு "ஆருத்ரா" ஞாபகம் வருகிறது. ஆருத்ரா தரிசனம், மார்கழித் திருவாதிரை, இறைவன் ஆடும் நாள். இங்கேயும் இறைவன் எழும் நாள். ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் நெருங்கி வருகிறது. கடல் வழியே வணிகம் செய்தவர்கள் அவர்கள். இதை ஏன் யாரும் ஆராயவில்லை?

சொல்லேர்:

வந்துட்டீங்களா! :) உங்களை எதிர்பார்த்தேன்.

ஆருத்ரா வடமொழி "ஆர்த்ரா"விலிருந்து வந்தது, ஈரம் என்று பொருள். அதைத்தான் நாம் ஆதிரை என்கிறோம். ஹாருத்யுனில் "-உத்யுன்" என்பது விகுதி. நம் "-மை" விகுதி மாதிரி. "மய்ர்" என்றால் தாய், "மய்ருத்யுன்" தாய்மை. "பாரி" என்றால் நல்ல, "பாருத்யுன்" நன்மை. நமக்குத் தெரிந்த "ஆசாத்", அது அங்கேயும் உண்டு. "ஆசாத்துத்யுன்" விடுதலை. விகுதியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது "எழு" என்று பொருள்படும் வினையின் அடி மட்டும். லத்தீனில் எழுவதற்கு "ஒரியோர்" என்று ஒரு வினை உண்டு. சூரியன் எழும் திசைக்கு ஐரோப்பியர் வைத்த "ஓரியண்ட்" அதிலிருந்து வந்தது. மொழியியலாளர்கள் ஆர்மேனிய வினையை அந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

ஒலி ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் "பாரி" என்றால் நல்ல என்று சொன்னேனே, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் ஆர்மேனியர் ஆகிவிடுவார். வேண்டாம்.

தென்னவன்_77:

பாரி விஷயத்தையும் குறித்துக்கொண்டேன்.

பனிமயம்:

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். தென்னவன் அண்ணா, விட்டுவிடுங்கள் பாவம்.

எங்கள் பக்கத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டு இதைப் படித்தால் ஒன்று தோன்றுகிறது. நாங்கள் புனிதர் பெயரைத் தமிழாக்கி வைத்துக்கொண்டோம்: இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, சவரிமுத்து. ஆர்மேனியரும் புனிதர் பெயரை வைக்கிறார்கள்தான், பெத்ரோஸ், போகோஸ் எல்லாம் உண்டு. ஆனால் திருநாளையே ஆளாக்குவது அவர்களிடம் அதிகம். உயிர்ப்பு ஞாயிறுக்கு ஹாருத்யுன். விண்ணேற்றத் திருநாளுக்கு ஹம்பார்த்சும். "வருகை" என்ற பொருளில் கலுஸ்த். நற்செய்தி என்று அவெதிஸ். "சிலுவையால் அருளப்பட்டவன்" என்பதுபோல் கச்சத்தூர். இசையமைப்பாளர் கச்சத்தூரியன் இருந்தாரே, அந்தக் குடும்பப் பெயர் இதிலிருந்துதான். எண்ணெய்ப் பணத்தில் பெரும் கலைச் சேகரிப்பு வைத்திருந்த குல்பென்கியனுடைய முதல் பெயர் கலுஸ்த். ஒரு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தால் திருவழிபாட்டு நாள்காட்டியையே வாசித்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று. எருசலேமில் இயேசுவின் கல்லறைமேல் இருக்கும் கோயிலை நாம் "திருக்கல்லறைக் கோயில்" என்கிறோம், மேற்கத்தியத் திருச்சபை வழி வந்த பழக்கம். ஆர்மேனியர்கள் "சூர்ப் ஹாருத்யுன்", அதாவது தூய உயிர்ப்பு என்பார்கள். கிரேக்கர்களும் அப்படித்தான், "அனஸ்தாசிஸ்". ஒரே கட்டடம், நமக்குக் கல்லறை, அவர்களுக்கு உயிர்ப்பு. அந்தக் கோயிலைக் கிரேக்கர், பிரான்சிஸ்கன் சபையார் ஆகியோரோடு பங்கிட்டுப் பராமரிப்பவர்களில் ஆர்மேனியரும் உண்டு. எனக்கு அவர்கள் வைத்த பெயர்தான் பிடித்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

ஒரு சின்னக் கேள்வி. தாய்மை, நன்மை மாதிரியான பண்புப்பெயரை எப்படி ஓர் ஆண் பிள்ளைக்கு வைப்பார்கள்? கிரேக்கத்தில் அனஸ்தாசியோஸ் என்று ஆண் ஈறு போட்டாவது வைக்கிறார்கள். இது பச்சையாக "உயிர்த்தெழுதல், இங்கே வா" என்பது போல இல்லையா?

சொல்லேர்:

உங்கள் தெருவில் செல்வம் யாரும் இல்லையா? அன்பு? அருள்? இந்த இழையைத் தொடங்கிய பையனின் பெயர் என்ன, எழில்!

ஆர்மேனிய மொழியில் இலக்கணப் பால் என்பதே கிடையாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அதனால் ஆண் ஈறு போடும் கட்டாயம் இல்லை. ஆனாலும் சாதாரணச் சொல்லையும் பெயரையும் அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். "உயிர்ப்பின்" என்று திருநாளைச் சொல்லும்போது "ஹாருத்யான்" என்று உருமாறும். "ஹாருத்யுன் என்பவருடைய" என்று சொல்லும்போது "ஹாருத்யுனி". நாம் "அன்புக்கு ஏங்கினான்" என்கிறோம், நண்பன் என்றால் "அன்புவுக்குப் போன் போடு" என்கிறோம், கவனித்திருக்கிறீர்களா? அதே வேலைதான். ஒரு சொல் ஆளாக மாறியதும் வேற்றுமை உருபு கொஞ்சம் தள்ளி நின்று மரியாதை கொடுக்கிறது.

கிரேக்க வடிவத்தை வைத்துக்கொண்ட ஆர்மேனியரும் உண்டு. சோவியத் தலைவர் அனஸ்தாஸ் மிகோயன், 1895இல் சானாஹின் கிராமத்தில் பிறந்தவர். ஸ்டாலின் காலத்தையும் குருஷேவ் காலத்தையும் தாண்டி உயிரோடு பதவியில் இருந்தவருக்கு உயிர்த்தெழுதல் என்று பெயர். பொருத்தம்தான்.

தர்மதலா:

கொல்கத்தாவில் முப்பது வருடமாக இருக்கும் தமிழன். தலைப்பில் "அராத்தூன்" என்று போட்டிருக்கிறீர்கள், ஆனால் யாரும் அதைத் தொடவே இல்லை. எழில், அது எங்கே கிடைத்தது?

எழில்_யெரெவான்:

தாத்தா சொன்னதுதான் அண்ணா. "உங்கள் இந்தியாவில் என்னை அராத்தூன் என்பார்கள்" என்றார். நான் கேள்விப்பட்டதே இல்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

தர்மதலா:

அடித்துக்கொண்டது நியாயம்தான்! இங்கே ஆர்மேனியர் எண்ணிக்கை இன்று மிகக் குறைவு. ஆனாலும் 1724இல் கட்டிய நசரேத் தேவாலயம் இருக்கிறது, 1821இல் தொடங்கிய ஆர்மேனியக் கல்லூரி இருக்கிறது. சவுரங்கியில் கிராண்ட் ஹோட்டலை உருவாக்கியவர் அராத்தூன் ஸ்டீபன், ஈரானில் இஸ்ஃபஹானை ஒட்டிய ஜுல்ஃபாவிலிருந்து வந்தவர். அந்த அராத்தூன் வேறு யாருமில்லை, நம் ஹாருத்யுன்தான். இங்கிலீஷ்காரர்கள் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்கள்.

அப்கார் கம்பெனி என்று இங்கே ஆர்மேனியக் கப்பல் கம்பெனி ஒன்று இருந்தது. அவர்களுடைய நீராவிக் கப்பல் ஒன்றின் பெயர் "அராத்தூன் அப்கார்". அது 1878இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம் ஃபோவி பாறைகளில் மோதி நின்றுபோனது. வேடிக்கை என்ன தெரியுமா, அந்தப் பாறையில் அப்போதுதான் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடியும் முன்னே வந்துவிட்டது. உயிர்த்தெழுதல் என்று பெயர் வைத்த கப்பல் மறுபடி எழவில்லை.

டாக்காவையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆர்மானிடோலா என்று ஒரு பகுதி. சணல் வியாபாரம் செய்த ஆர்மேனியர் இருந்த இடம். 1781இல் அவர்கள் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது, தூய உயிர்ப்பு ஆலயம். பனிமயம் சொன்ன அதே "சூர்ப் ஹாருத்யுன்".

முத்தியால்பேட்டை:

கொல்கத்தா, டாக்கா எல்லாம் சொல்லிவிட்டு எங்கள் ஊரை விட்டால் எப்படி? ஆர்மேனியப் பத்திரிகை உலகத்தின் முதல் ஹாருத்யுன் படுத்திருப்பது சென்னையில்.

பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு இருக்கிறதல்லவா, அதைப் பழைய ஆட்கள் "அரண்மனைக்காரன் தெரு" என்பார்கள். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மேனியன் என்ற சொல் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. நாம் மட்டும் இங்கிலீஷ்காரனைச் சொல்லக் கூடாது, அராத்தூனுக்கு அரண்மனைக்காரன் சளைத்ததில்லை.

அந்தத் தெருவிலுள்ள ஆர்மேனியத் தேவாலயம் 1712இல் முதலில் எழுந்து, இப்போதைய கட்டடமாக 1772இல் மறுபடி கட்டப்பட்டது. வளாகத்தில் நடக்கும்போதே காலுக்குக் கீழே கல்லறைக் கற்கள். அவற்றில் ஒன்று பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோன்யனுடையது. ஈரானின் ஷிராஸில் பிறந்து சென்னைக்கு வந்தவர். 1794 அக்டோபர் 16ஆம் தேதி இங்கே தம் அச்சகத்தில் "அஸ்தரார்" என்ற மாத இதழை வெளியிட்டார். உலகிலேயே முதல் ஆர்மேனிய மொழி இதழ் அது. யெரெவானில் இல்லை, இஸ்தான்புல்லில் இல்லை, சென்னைப் பட்டணத்தில்! 18 இதழ்கள் வந்து 1796இல் நின்றது. அவர் 1824இல் காலமானார். தமிழின் முதல் இதழ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1831இல்தான் வந்தது. அதாவது, தமிழில் ஓர் இதழ் வருவதற்கு 37 வருடம் முன்பே அதே ஊரில் ஆர்மேனிய இதழ் வந்துவிட்டது.

எழில், இதைத் தாத்தாவிடம் சொல்லுங்கள். ஆர்மேனியாவில் இன்றும் பத்திரிகையாளர் நாள் அக்டோபர் 16தான்.

கணக்குப்பிள்ளை:

நான் அந்தத் தெருவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். மத்தியானம் அந்தத் தேவாலயத்தில் போய் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன். யார் தலைமாட்டில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேனோ!

நெய்தல்நிலவன்:

அருமையான இழை. ஆனால் முக்கியமானதை எல்லாரும் தவிர்க்கிறீர்கள். 1915இல் ஒட்டோமான் அரசு ஆர்மேனியர்களைக் கொன்று குவித்தது. அந்த அழிவிலிருந்து மீண்டெழுந்த இனம் பிள்ளைகளுக்கு உயிர்த்தெழுதல் என்று பெயர் வைக்கிறது. ஈழத்திலிருந்து வந்த எனக்கு அது சட்டென்று புரிகிறது. இதை வெறும் ஈஸ்டர் பெயராகச் சுருக்காதீர்கள்.

சொல்லேர்:

உங்கள் உணர்வு புரிகிறது. ஆனால் காலம் ஒத்துவரவில்லையே. ஷ்மாவோன்யன் 18ஆம் நூற்றாண்டுக்காரர். ஆர்மேனியரின் பெரும் பாணர் சயாத் நோவா, 1712இல் பிறந்ததாகச் சொல்வார்கள். ஆர்மேனியம், ஜார்ஜியம், அசர்பைஜான் துருக்கி என்று மூன்று மொழியில் பாடியவர், ஜார்ஜிய அரசர் எரெக்லேயின் அவையில் இருந்தவர். சயாத் நோவா என்பது புனைபெயர். ஞானஸ்நானப் பெயர் ஹாருத்யுன். 1795இல் ஈரானின் ஆகா முகம்மது கான் படை வந்தபோது கொல்லப்பட்டார், கல்லறை திபிலிசியில் இருக்கிறது. இஸ்தான்புல்லில் "கசாஸ் ஆர்த்தின்" என்று ஒருவர், இரண்டாம் மஹ்மூத் சுல்தானின் நாணயச் சாலையை நடத்தியவர். இன்றும் இயங்கும் சூர்ப் பர்கிச் மருத்துவமனை அவர் முயற்சியில் வந்தது. கசாஸ் என்றால் பட்டு வியாபாரி. உண்மைப் பெயர் ஹாருத்யுன் பெஸ்ஜியன். இவர்கள் எல்லாரும் 1915க்கு வெகு முன்பு வாழ்ந்தவர்கள். பிற்கால வரலாற்றைப் பழைய பெயரில் ஏற்றி வாசிக்கக் கூடாது.

நெய்தல்நிலவன்:

பெயர் பழையது என்பதை நான் மறுக்கவில்லை. வைக்கிறவன் மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். அதை உங்கள் விகுதி ஆராய்ச்சி காட்டாது.

பனிமயம்:

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். ஈஸ்டர் முடிந்துவிட்டது. எழில் எங்கே?

எழில்_யெரெவான்:

வந்துவிட்டேன், பரீட்சை இருந்தது. இங்கே திருநாள் நம் ஊர் ஈஸ்டர் அன்றுதான். பக்கத்து ஜார்ஜியாவில்தான் நாள் மாறும்.

முந்தின நாளே பாட்டி வெங்காயச் சருகைப் போட்டு முட்டைகளை வேகவைத்துச் சிவப்பாக்கினார். இரண்டு வாரம் முன்பே ஒரு தட்டில் கோதுமையை முளைக்கவிட்டு, அந்தப் பச்சைமேல் முட்டைகளை அடுக்கியிருந்தார். எனக்கு எங்கள் ஊர் முளைப்பாரிதான் ஞாபகம் வந்தது. உலர்திராட்சை போட்ட சோறு, மீன். ஆளுக்கொரு முட்டையை வைத்து முட்டி உடைக்கும் விளையாட்டில் நான் மூன்று முறை தோற்றேன்.

தேவாலயத்தில்தான் தாத்தா சிரித்ததன் காரணம் தெரிந்தது. ஒருவரைப் பார்த்ததும் "கிறிஸ்தோஸ் ஹாரியாவ் இ மெரேலோத்ஸ்" என்கிறார்கள், கிறிஸ்து இறந்தோரிடமிருந்து எழுந்தார் என்று. மற்றவர் "ஓர்ஹ்ன்யால் ஏ ஹாருத்யுன்ன் கிறிஸ்தோஸி" என்று பதில் சொல்ல வேண்டும், கிறிஸ்துவின் உயிர்ப்பு போற்றப்படுவதாக. காலையிலிருந்து ராத்திரி வரை ஊரே தாத்தாவின் பெயரைச் சொல்கிறது! ஒவ்வொரு தடவையும் அவர் "என்ன, கூப்பிட்டீர்களா?" என்று திரும்பிப் பார்க்கிறார். அறுபது வருடமாக இதே ஜோக் என்று பாட்டி அலுத்துக்கொண்டார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லேர் ஐயா, நெய்தல்நிலவன் அண்ணா சண்டையைப் பற்றிச் சொன்னேன். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் ஈஸ்டருக்குப் பிறக்கவில்லையாம், நவம்பர். அவருடைய தாத்தா மராஷ் ஊரைச் சேர்ந்தவர், அவர் பெயரும் ஹாருத்யுன். 1915இல் சிரியப் பாலைவனத்துக்கு நடத்திக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர், திரும்பவில்லை. அப்பா ஐந்து வயது அநாதையாகப் பெய்ரூட் போய்ச் சேர்ந்து, 1947இல் சோவியத் ஆர்மேனியாவுக்குக் குடிவந்திருக்கிறார். இங்கே பிறந்த பிள்ளைக்குத் தன் அப்பா பெயரைப் பைபிளில் பழைய எழுத்தில் எழுதினார். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் புதிய எழுத்தில் எழுதிக்கொண்டார். அப்பா கடைசிவரை மாற்றவில்லை.

சொல்லேர்:

நெய்தல்நிலவன், நீங்கள் சொன்னதுதான் சரி. குறைந்தபட்சம் இந்த வீட்டில்.

நெய்தல்நிலவன்:

தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் எழில்.

முத்தியால்பேட்டை:

சென்னைக் கல்லறை பற்றிச் சொன்னீர்களா?

எழில்_யெரெவான்:

சொன்னேன் அண்ணா. "அஸ்தரார்" அவருக்குத் தெரிந்திருக்கிறது, பள்ளிப் பாடத்தில் வந்ததாம். ஆனால் அந்த மதராஸும் நான் சொல்லும் சென்னையும் ஒன்று என்று தெரியவில்லை. அடுத்த விடுமுறைக்குப் போகும்போது படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அழகு என்றேன். ஆர்மேனிய மொழியில் அழகுக்கு "கெகெத்ஸ்குத்யுன்". அதே "-உத்யுன்"! ஆண் பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார். நேற்றிலிருந்து மாடிப்படியில் என்னைப் பார்த்தால் "கெகெத்ஸ்குத்யுன் ஜான்" என்றுதான் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார் போல.